நாற்பது ரூபாய் வாஷர், ஆயிரக்கணக்கில் கூலி: ஆயில் லீக்கை எங்கே சரிசெய்வது?

வண்டிக்கு அடியில் கறுப்பாகச் சொட்டு விழ ஆரம்பித்தால் குமரி மாவட்டத்துக்காரருக்கு மூன்று வழி இருக்கிறது. வீட்டு முற்றத்தில் தானே ஸ்பேனர் எடுப்பது ஒன்று. வடசேரி, தக்கலை, மார்த்தாண்டம், கருங்கல் என்று எந்த ஊரிலும் கிடைக்கிற தனி ஒர்க்‌ஷாப் இன்னொன்று. மூன்றாவது கம்பெனி சர்வீஸ் சென்டர். மூன்றையும் எடை போட்டுப் பார்த்தால் கிடைக்கிற முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். எங்கிருந்து ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்கிற வேலையை யாரிடமும் கொடுக்க வேண்டாம், அதை வீட்டில் செய்யுங்கள். அடைக்கிற வேலையை மட்டும், அந்த இடத்தை எட்ட எத்தனை உறுப்புகளைக் கழற்ற வேண்டும் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். உதிரிபாகத்தின் விலையைப் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பும். இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்கத்தில் எண்ணெயை அடைத்து நிற்கும் வளையம், அதாவது பின்பக்க ஆயில் சீல், சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

கண்டுபிடிப்பது

சொட்டு விழும் இடம் வேறு, லீக் ஆகும் இடம் வேறு. எண்ணெய் கீழே வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். மேலே வால்வ் கவரில் (இன்ஜினின் மேல்மூடியில்) கசிந்தது இன்ஜினின் முதுகுப் பக்கமாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். பார்ப்பவருக்குப் பின்பக்க சீல் போனது போலவே தெரியும். தேவையில்லாமல் கியர்பாக்ஸ் இறங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தக் குழப்பம். நனைந்த பரப்பில் மிக உயரமான இடம் எது, மிக முன்னால் இருக்கும் இடம் எது என்று பார்க்க வேண்டும். கீழே படுத்துப் பார்ப்பதைவிட மேலே பானட்டைத் திறந்து பார்ப்பதில்தான் பலன் அதிகம்.

ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இரவில் அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, முன்சக்கரம் எந்தப் பக்கம் என்று அதில் குறித்து வையுங்கள். பழுப்பு அல்லது கறுப்பாக, விரலில் வழுவழுவென்று இருந்தால் இன்ஜின் ஆயில். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில். பச்சையாகவோ சிவப்பாகவோ தண்ணீர்போல இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் அது பிரேக் ஆயிலாக இருக்கலாம், அந்த வண்டியை எடுக்கவே கூடாது. நிறமில்லாத வெறும் தண்ணீர் ஏசியில் இருந்து வருவது, அதற்காகப் பதற வேண்டாம். ஆக்டிவா போன்ற ஸ்கூட்டர்களில் பின்சக்கரத்தின் பக்கம் கியர் ஆயில் தனியாக இருக்கிறது. அங்கே ஒழுகினால் இன்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது கழுவுதல். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர், காயில், ஏர் ஃபில்டர் வாய் ஆகியவற்றைப் பிளாஸ்டிக் பையால் கட்டுங்கள். மண்ணெண்ணெயும் பெயின்ட் பிரஷும் போதும். பிறகு சோப்புத் தண்ணீர், துணி, கடைசியாகச் சந்தேகமான இடங்களில் பிரேக் கிளீனர் ஸ்பிரே. வாட்டர் சர்வீஸில் கொடுத்து அழுத்தமாக அடித்தால் கனெக்டர்களுக்குள் தண்ணீர் போகும், வேறொரு தலைவலி வந்து சேரும். எல்லாம் காய்ந்த பிறகு சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். பெல்ட்டின் மேலும் ஏர் ஃபில்டர் பக்கமும் படக் கூடாது. பத்துப் பதினைந்து நிமிடம் ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் ஐடிலில் ஓடவிட்டுப் பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் நாகர்கோவிலிலிருந்து சுசீந்திரம் போய்வருகிற அளவுக்கு ஒரு ஓட்டம். புதிதாகக் கசிகிற எண்ணெய் வெள்ளைப் பவுடரில் கோடு போட்டுக் காட்டிவிடும். கை நுழையாத இடத்தில் ஃபிளாஷை எரியவிட்டு செல்போனை இறக்கி வீடியோ எடுங்கள். மெக்கானிக்கிடம் காட்டவும் அந்த வீடியோ உதவும்.

இத்தனையும் செய்துவிட்டுப் போவதால் என்ன லாபம்? "அண்ணே, எந்த சீல் போயிருக்கு?" என்று கேட்டால் "மொத்தமா எறக்கிப் பாத்தாத்தான் தெரியும் தம்பி" என்கிற பதிலுக்கு இடமில்லாமல் போகும். "வால்வ் கவர் பின்மூலையில் கசியுது, பேக்கிங் மாத்தணும்" (பேக்கிங் என்பது இரண்டு பாகங்களுக்கு நடுவில் அடைப்பாக வைப்பது) என்று சொல்லிப் போகிறவருக்குக் கிடைக்கிற விலையும் "எங்கேயோ ஒழுகுது" என்று போகிறவருக்குக் கிடைக்கிற விலையும் வேறு.

எவ்வளவு அவசரம்

ஏறக்குறைய 20 சொட்டு ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 1,440 சொட்டு, அதாவது 72 மில்லி. இரண்டு வாரத்தில் ஒரு லிட்டர் போய்விடும். பெரும்பாலான கார்களின் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே இருப்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர்தான். மூன்று லிட்டர் சொச்சம் மட்டுமே பிடிக்கிற சின்ன கார் இன்ஜினுக்கு ஒரு லிட்டர் குறைவது சின்ன விஷயமில்லை. சுமார் ஒரு லிட்டர் மட்டுமே பிடிக்கிற 100 சிசி பைக்குக்குக் கால் லிட்டர் குறைந்தாலே ஆபத்து. சிவப்பு ஆயில் விளக்கு அளவு குறைந்ததைக் காட்டும் விளக்கு அல்ல, அழுத்தம் விழுந்ததைக் காட்டும் விளக்கு. அது எரிந்த பிறகு "அடுத்த ஜங்ஷன் வரை" என்று ஓட்டினால் பேரிங் போகும்.

ஈரப்பசை மட்டும் இருக்கிறது, சொட்டவில்லை என்றால் அது வியர்வை மாதிரி, மாதம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். மூன்று லீக்குகளை மட்டும் அளவு பார்க்காமல் உடனே கவனிக்க வேண்டும். சைலன்சர் மேனிஃபோல்டில் விழுவது தீப்பிடிக்கும். வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டில் படுவது பெல்ட்டை ஊறவைத்து அறுக்கும், பல இன்ஜின்களில் அதோடு வால்வும் வளையும். கிளட்ச் பக்கம் போவது பிளேட்டை வழுக்கவைக்கும்.

பேக்கிங் மாற்றும் முன் ஒரு மூடியைத் திறந்து பாருங்கள்

பலரும் தவறவிடுகிற சோதனை இது, ஒரு பைசா செலவில்லை. இன்ஜினுக்குள் பிஸ்டன் பக்கமாகக் கசிந்து வரும் வாயு வெளியேற ஒரு வழி வேண்டும். அதுதான் பிரீதர் குழாயும் பிசிவி வால்வும். அது கரிபிடித்து அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி, பலவீனமான சீல் எதுவோ அதைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வெளியே வரும். புது சீல் போட்டாலும் கொஞ்ச நாளில் அதுவும் ஒழுகும். மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, அதே இடத்தில் சும்மா வையுங்கள். லேசாக ஆடினால் சரி. குதித்துக் கீழே விழுந்தால், புகை புசுபுசுவென்று வந்தால், உள்ளழுத்தம் அதிகம். முதலில் பிசிவி வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள், சாதாரண வகை 'கடகட' என்று சத்தம் கொடுக்க வேண்டும். குழாயை ஊதிப் பாருங்கள். அவை சரியாக இருந்தும் அழுத்தம் குறையவில்லை என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும். அங்கே பேக்கிங் மாற்றுவது வீண் செலவு, கம்ப்ரஷன் சோதனைக்குத்தான் போக வேண்டும்.

ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டி இருந்தாலும் இதே கதைதான். சர்வீஸ் முடிந்து வந்த மறுவாரம் லீக் ஆரம்பித்தால் முதல் வேலையாக டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சமதரையில், இன்ஜின் நின்று பத்து நிமிடம் கழித்து. ஹீரோ, ஹோண்டா பைக்குகளில் நடுஸ்டாண்டு போட்டு, டிப்ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா இறக்கி அளக்க வேண்டும். திருகி அளந்தால் எண்ணெய் அதிகம் இருப்பதுபோலக் காட்டும்.

வீட்டில் செய்யலாம், தாராளமாக

டிரெயின் போல்ட், அதாவது ஆயிலை வடிக்கிற போல்ட். கசிவது பெரும்பாலும் போல்ட் தளர்ந்ததால் அல்ல, பழைய வாஷரையே திரும்பத் திரும்பப் போட்டதால். செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் அடைக்கும், இரண்டாம் முறை நசுங்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. புது வாஷர் ஐம்பது ரூபாய்க்குள். ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மாருதி பெட்ரோல் கார்களில் இறுக்க வேண்டிய அளவு 35 நியூட்டன் மீட்டர். நீளமான கைப்பிடியை மாட்டி முழு பலத்தோடு இழுக்கிற அளவு அல்ல அது. கசிகிறதே என்று இன்னும் இறுக்குவதுதான் அலுமினியச் சேம்பரின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின்) மரையை உரித்தெடுக்கிறது. உரிந்துவிட்டால் லேத்தில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டுக்கொள்ளலாம். அதை வீட்டில் முயல வேண்டாம், துளை கோணலாகப் போனால் சேம்பரையே மாற்ற வேண்டும். பைக் என்றால் அந்தத் துளை இன்ஜின் கேஸிலேயே இருக்கிறது.

ஆயில் ஃபில்டர். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் சில நேரம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புது ஃபில்டரை மாட்டினால் வளையத்தின் மேல் வளையம். ஐடிலில் ஒன்றும் தெரியாது. வேகம் எடுத்ததும் அழுத்தத்தில் பிதுங்கி மொத்த ஆயிலும் நிமிடங்களில் ரோட்டில் கொட்டிவிடும். கழற்றியதும் பழைய ஃபில்டரில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். புது வளையத்தில் விரலால் கொஞ்சம் ஆயில் தடவி, கையால் முட்டும்வரை திருகி, அதன் பிறகு முக்கால் சுற்று. ஃபில்டர் ஸ்பேனர் கழற்றுவதற்கு மட்டும்தான்.

ஆயில் பிரஷர் சுவிட்ச். இதைப் பெரிய லீக் என்று நினைத்து இன்ஜினையே பிரித்துவிடுவார்கள். சுவிட்சின் கனெக்டரைப் பிடுங்கிப் பாருங்கள், உள்ளே எண்ணெய் இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். விலையும் குறைவு, மாற்றவும் எளிது. மரையில் மட்டும் சீலன்ட் தடவுங்கள், நுனியில் படாமல்.

வால்வ் கவர் பேக்கிங்தான் வீட்டு வேலைகளில் உண்மையாகப் பணம் மிச்சம்பிடிப்பது, அதனால் கொஞ்சம் விரிவாக. ஸ்விஃப்ட், வேகன் ஆர் ஆகியவற்றின் 1.2 பெட்ரோல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். வேண்டியவை 10 எம்எம் சாக்கெட், கால் இஞ்ச் ரேட்செட், நீட்டிப்புக் கம்பி, பிளாஸ்டிக் சுரண்டி, பிரேக் கிளீனர், ஆர்டிவி சிலிக்கான் (காற்றில் இறுகும் அடைப்புப் பசை) டியூப் ஒன்று, பேக்கிங் செட். செட்டில் ஸ்பார்க் பிளக் குழாய் சீல்களும் இருக்கின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். பிளக் குழிக்குள் எண்ணெய் தேங்கி இன்ஜின் திணறுவது அந்தச் சீல்களால்தான். வெளி பேக்கிங்கை மட்டும் மாற்றினால் பாதி வேலை.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். காற்றுக் குழாய், காயில் கனெக்டர்கள், காயில்கள் என்ற வரிசை. கனெக்டரின் பூட்டு பழைய வண்டியில் மொறுமொறுவென்று இருக்கும், இழுக்காமல் அழுத்தி விடுவியுங்கள். காயில்களை எடுத்த வரிசையிலேயே அடுக்குங்கள். பிளக் குழியில் எண்ணெய் நின்றால் பிளக்கைக் கழற்றும் முன் துணியால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சிலிண்டருக்குள் போகும். கவரின் போல்ட்டுகளை வெளியிலிருந்து உள்நோக்கித் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் ஸ்குரூடிரைவரை நெம்பாதீர்கள். அலுமினியப் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த லீக். ரப்பர் சுத்தியலால் பக்கத்தில் தட்டினால் விட்டுவிடும்.

பழைய சீலன்ட்டைச் சுரண்டும் முன் திறந்த இடங்களைத் துணியால் மூடுங்கள். டிரில்லில் மாட்டுகிற சுரண்டு தட்டை மட்டும் தொட வேண்டாம், அதன் துகள் பேரிங்கைத் தின்னும். இரண்டு பரப்பையும் பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள். பேக்கிங் உட்காரும் பள்ளத்தில் எண்ணெய் இருந்தால் புது பேக்கிங் வழுக்கி வெளியே வந்துவிடும்.

அடுத்த இடத்தில்தான் வீட்டில் செய்பவரும் அவசர மெக்கானிக்கும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ரப்பர் பேக்கிங் முழுக்கச் சிலிக்கான் பூசுவது. கூடாது. இன்ஜினின் பக்கத்து மூடியான டைமிங் கவரும் சிலிண்டருக்கு மேலிருக்கும் ஹெட்டும் சந்திக்கிற மூலைகளில், அரைவட்டத் திருப்பங்களின் ஓரங்களில் மட்டும் ஒரு பட்டாணி அளவு வையுங்கள். மற்ற இடமெல்லாம் ரப்பர் தானே அடைக்கும். அதிகமாகப் பிதுங்குகிற சிலிக்கான் உள்ளேயும் பிதுங்கும். அறுந்து சேம்பரில் விழும், ஆயில் பம்பின் வலையில் போய் ஒட்டும். லீக்கை அடைத்த சந்தோஷத்தில் இன்ஜினுக்கு எண்ணெய் போகிற வழியையும் அடைத்ததாக முடியும்.

சிலிக்கான் தோல் கட்டுவதற்குள் கவரை உட்காரவையுங்கள். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி இரண்டு சுற்றாக இறுக்குங்கள், கடைசி அளவு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் சின்ன ரேட்செட்டின் தலையைப் பிடித்து மணிக்கட்டால் மட்டும் இறுக்குங்கள், கைப்பிடியின் நுனியைப் பிடிக்க வேண்டாம். டியூபில் எழுதியிருக்கிற நேரம் காயவிடுங்கள். 24 மணி நேரம் என்றால் 24 மணி நேரம்தான். மாலையில் ஒட்டி மறுநாள் காலை கல்யாணத்துக்கு எடுக்க வேண்டியிருந்தால் அந்த வேலையை வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பேக்கிங்கும் டியூபும் கிளீனரும் சேர்ந்து ஆயிரம் ரூபாயைச் சுற்றி வரும். புதிதாகச் செய்பவருக்கு அரைநாள் ஆகும்.

பைக்கில் கிளட்ச் கவர் பேக்கிங்கும் இதேபோல வீட்டு வேலைதான். ஒரு அட்டையில் கவரின் வடிவத்தை வரைந்து துளையிட்டு, கழற்றும் போல்ட்டை அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். அவற்றின் நீளம் ஒன்றுபோல இருக்காது. நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் கேஸ் விரியும். கவரை எடுக்கும்போது, அதைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் இரண்டு டவல் பின்கள் கீழே விழுந்துவிடாமல் பாருங்கள். காகித பேக்கிங்குக்குச் சிலிக்கான் தேவையில்லை. கிக்கர் ஷாஃப்ட் சீலையும் அதோடு மாற்றிவிடுங்கள், அதற்காகத் தனியாக ஒருமுறை திறப்பது மடத்தனம். கியர் லீவர் பக்கத்தில் ஒழுகினால் இன்னும் எளிது. ஸ்பிளெண்டர் போன்ற வண்டிகளில் லீவரைக் கழற்றி, வெளியிலிருந்தே பழைய சீலை நெம்பி எடுத்து, சரியான அளவு சாக்கெட்டை வைத்துப் புதியதைத் தட்டி உட்காரவைக்கலாம். ஸ்பிரிங் தெரிகிற பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவாமல் காய்ந்தபடி மாட்டினால் முதல் ஓட்டத்திலேயே கிழியும்.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்கணக்கில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது பிரீதர் வழியாக ஆயிலைத் துப்பினால் அது பேக்கிங் கோளாறல்ல. தொட்டியில் இருந்த ஆயில் மெதுவாக கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. கண்ட கண்ட இடத்தில் சிலிக்கான் அப்பாதீர்கள்.

வீட்டில் தொடக் கூடாதவை

கிராங்கின் முன் சீல், கேம் சீல் (வால்வுகளைத் திறக்கும் தண்டின் சீல்), பின்பக்க சீல், ஹெட் கேஸ்கெட், டர்போவின் ஆயில் குழாய். முன் சீலுக்கு புல்லியின் நடுபோல்ட்டைக் கழற்ற வேண்டும், அது 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கியிருக்கும், புல்லியைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். கேம் சீலுக்கு டைமிங் பெல்ட் கழற்ற வேண்டிய வண்டிகளில் ஒரு பல் தவறி மாட்டினால் இன்ஜினே கெடும். பின்பக்க சீலைப் பற்றி முதலிலேயே சொன்னோம். அதற்குக் கூலி கொடுத்துக் கியர்பாக்ஸை இறக்குகிற அன்றைக்கே கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பழைய ஷாஃப்டில் சீல் உதடு உரசி உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தப் பள்ளத்திலேயே புது சீல் உட்கார்ந்தால் அதுவும் ஒழுகும். அனுபவமுள்ள கை சீலை ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கும், அல்லது ஷாஃப்டில் மெல்லிய உறை ஏற்றும். இது புத்தகம் பார்த்துச் செய்கிற வேலை அல்ல.

சேம்பர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வசதியான இடமும் ஸ்டாண்டும் இருந்தால் செய்யலாம், ஆனால் சிலிக்கான் போட்டு ஒட்டிய சேம்பரைப் பிரிக்க அடித்தால் விளிம்பு வளையும். வளைந்த விளிம்பை எந்த சிலிக்கானும் அடைக்காது.

காருக்கு அடியில் போவதைப் பற்றி ஒன்று. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டும்தான். நம் பக்கத்துச் செம்மண் முற்றம் ஆனி ஆடி மழையிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் இரண்டு முறை ஊறுகிறது, ஜாக்கி அதில் சாயும். கான்கிரீட் தரை, இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை. இவை இல்லையென்றால் அடியில் போகிற வேலைகள் எல்லாமே ஒர்க்‌ஷாப்புக்குத்தான்.

குப்பியும் டியூபும்

லீக்கை நிறுத்தும் திரவம் என்று விற்கும் குப்பிகள் ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். காய்ந்து இறுகிய சீலில் சிறு கசிவு என்றால் சில மாதம் தாங்கும். கிழிந்த சீல், பேக்கிங், துருத்துளை எதற்கும் உதவாது. பைக்கில் ஊற்றவே வேண்டாம். கிளட்ச் அதே எண்ணெயில்தான் ஊறிக் கிடக்கிறது, வழுக்கும். ஒழுகுகிறதே என்று 5டபிள்யூ-30 ஆயில் கேட்கும் வண்டிக்கு அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவதும் தீர்வல்ல. சொட்டு மெதுவாகும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே எண்ணெய் ஏறுவதும் மெதுவாகும்.

சிலிக்கான் டியூபில் அனபாண்ட் எல்லா ஊர்க் கடையிலும் கிடைக்கிறது, ஒழுங்காகப் பயன்படுத்தினால் போதுமானது. வாங்கும்போது தேதியைப் பாருங்கள். திறந்து மாதக்கணக்கான டியூபில் மிச்சமிருப்பது ஒட்டாது. எம்-சீலைச் சேம்பர் துளைக்கு வைப்பவர்கள் உண்டு. ஆயிலை முழுக்க வடித்து, துருவைத் தேய்த்து, கிளீனரால் துடைத்த பிறகு வைத்தால் வீடு வந்து சேர உதவும். அதன்மேல் ஆறு மாதம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

ஆயில் சீல் வாங்கும்போது அதன் முகத்தில் இருக்கும் மூன்று எண்களைப் படியுங்கள். உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். பழையதைக் கையில் கொண்டுபோனால் நாகர்கோவில் பேரிங் கடைகளில் அதே அளவு எடுத்துத் தருவார்கள். ஆனால் அளவு ஒன்றானால் போதாது. சாதாரண நைட்ரைல் ரப்பர் 100 டிகிரியைத் தாண்டினால் நாளடைவில் இறுகிவிடும். கிராங்க் சீலுக்கு வெப்பம் தாங்கும் வைட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது கம்பெனிப் பொருளையே எடுங்கள். விலை வித்தியாசம் கியர்பாக்ஸ் கூலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

கூலி கொடுக்கிறவர் எங்கே கொடுப்பது

தனி ஒர்க்‌ஷாப்பின் பலம் லேத்தும் கைப்பழக்கமும். உரிந்த மரைக்குக் கம்பெனி சென்டரில் "சேம்பர் அசெம்ப்ளி மாற்றணும்" என்பார்கள். இங்கே லேத்துக்குக் கொடுத்து அன்றைக்கே முடித்துவிடுவார்கள். கூலியும் குறைவு. பலவீனம் டார்க் ரெஞ்ச் இல்லாததும், எதற்கெடுத்தாலும் சிலிக்கானும். வண்டியை விடும்போதே மூன்றைப் பேசிவிடுங்கள். கழற்றிய பழைய சீல், பேக்கிங்கைத் திருப்பித் தர வேண்டும். புதிதாகப் போடுவதன் டப்பாவைக் காட்ட வேண்டும். மறுபடி ஒழுகினால் கூலி வாங்காமல் எத்தனை நாளுக்குள் பார்த்துத் தருவார் என்பதைப் பில்லில் எழுத வேண்டும். மூன்றாவதற்கு முகம் சுளிக்கிறவரிடம் பின்பக்க சீல் வேலையைக் கொடுக்காதீர்கள். வால்வ் கவரைக் கொடுத்தால் பெரிய நஷ்டமில்லை.

வாரன்டி உள்ள வண்டிக்குக் கம்பெனி சென்டர்தான், வேறு பேச்சே இல்லை. வாரன்டி காலத்தில் நீங்கள் ஒரு போல்ட்டைத் தொட்டாலும் அது வாதத்துக்கு இடம் கொடுக்கும். வாரன்டி முடிந்த வண்டிக்கு டைமிங் செயின் கவர், டர்போ டீசல் ஆகியவற்றுக்கு மட்டும் அங்கே போகலாம். பில்லில் கூலிக்கும் உதிரிபாகத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி வரும். வாகன உதிரிபாகங்கள் எல்லாவற்றுக்கும் 18 என்பது 2025 செப்டம்பர் 22 முதல், அதற்கு முன் பலவற்றுக்கு 28 இருந்தது. பழைய மதிப்பீட்டுத் தாளை வைத்துக்கொண்டு ஒப்பிடாதீர்கள். டீசல் வண்டியின், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் குழாயில் மெல்லிய எண்ணெய்ப் பசை இருப்பதைக் காட்டி டர்போ போய்விட்டது என்று யாராவது சொன்னால், எண்ணெய் குழாயில் தேங்கி நிற்கிறதா என்று கேளுங்கள். பசை மட்டும் என்றால் அது வழக்கமானது.

நம் ஊர் வண்டிகளுக்கு மட்டும்

குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக் காற்று இரும்புச் சேம்பரை வெளியிலிருந்து அரிக்கிறது. சேம்பர் முழுக்க ஒரே சீராக ஈரமாக இருந்து, எந்த பேக்கிங்கும் கசியவில்லை என்றால் ஒரு ஸ்குரூடிரைவர் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். துருப்படலம் உதிர்ந்து ஊசித்துளை தெரியும். பற்றவைப்பதைவிடப் புதுச் சேம்பர் நல்லது. மாட்டும் முன் வெளிப்பக்கம் ஒரு கோட் துருத்தடுப்பு பெயின்ட் அடித்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டச் சாலைகளில் பிரச்சனை கல். சேம்பரில் அடி விழுந்த சத்தம் கேட்டால் இறங்கிப் பாருங்கள். சொட்டுகிறது என்றால் இன்ஜினை அணைத்து, வண்டியை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். முழு இன்ஷூரன்ஸ் இருந்தால் கல்லடி பட்ட சேம்பருக்குப் பணம் கேட்கலாம். ஒழுக ஒழுக ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால், இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுக்காதவருக்கு அந்தச் சேதத்தை நிறுவனம் பொதுவாகத் தராது. விழுந்த கல், அடிபட்ட இடம் இரண்டையும் அங்கேயே படம் எடுத்து வையுங்கள்.

வடித்த கறுப்பு எண்ணெயை என்ன செய்வது என்பது வீட்டு வேலையின் கடைசிப் பகுதி. இங்கே வீட்டுக்கு வீடு கிணறு இருக்கிறது, அதனால் தென்னை மூட்டிலும் ஓடையிலும் ஊற்றுவது பேச்சுக்கே இடமில்லை. வாய் அகன்ற பழைய கேனில் ஊற்றி மூடி, ஆயில் மாற்றுகிற ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொடுங்கள். பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்கு எடுப்பவர்களுக்குக் கொடுப்பார்கள். கூலன்ட்டோ பெட்ரோலோ கலந்திருந்தால் அந்தக் கேனைத் தனியாகச் சொல்லிக் கொடுங்கள், அது மற்ற எண்ணெயோடு சேரக் கூடாது. பழைய ஃபில்டரைத் தலைகீழாக ஒரு இரவு வடியவிட்டு அதையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.